லிட்டருக்கு இரண்டேகால் மீட்டர்

சென்ற இதழில் ஒரு கட்டுரை. லாரி இன்ஜினில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டை வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றி, குடைந்து, அறுத்து, மறுபடி பூட்டிக்கொள்ளலாம் என்கிறது அது. அப்படிச் செய்தால் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் மைலேஜ் கூடுமாம். மேட்டில் இழுவை கூடுமாம். ஒரு டை கிரைண்டர், நாலைந்து பிளாப் வீல், ஒரு டியூப் கேஸ்கெட் பேஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவுதான் செலவாம். கட்டுரையில் நம்பிக்கை நிரம்பி வழிகிறது. எதையாவது அளந்து பார்த்ததற்கான தடயம் மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

பொழுதுபோக்குக்காக எழுதியது என்றால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். ஆனால் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் இதைப் படிக்கிறவர்கள் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டிக்காரர்கள். டீசல் விலை அவர்கள் கழுத்தை நெரிக்கிறது. அரை கிலோமீட்டர் என்று யார் ஆசை காட்டினாலும் காது கொடுப்பார்கள். அந்த ஆசையை நம்பி ஒருவர் கிரைண்டரைக் கையில் எடுப்பதற்குள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில், கட்டுரையாளர் இன்ஜினைத் திறந்து பார்த்தாரா என்பதே சந்தேகம். டாடாவின் பழைய 697-க்கும் கம்மின்ஸ் 5.9-க்கும் ஒரே செய்முறையை எழுதியிருக்கிறார். மேனிஃபோல்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி முழுதாக இறக்கி மேஜை மேல் வையுங்கள் என்கிறார். 697-இல் இறக்கலாம். கம்மின்ஸ் 5.9-இல் எதை இறக்குவது? அந்த இன்ஜினில் காற்றுப் பெட்டியை சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு மூடித் தகடு உண்டு, அதைத்தான் கழற்றலாம். மேனிஃபோல்டை மேஜை மேல் வைக்க வேண்டுமென்றால் ஹெட்டையே தூக்கி வைக்க வேண்டும். ரோட்டில் இத்தனை ஆண்டுகளாக ஓடும் ஓர் இன்ஜினின் அமைப்பே தெரியாதவர் அதை மாற்றியமைக்கப் பாடம் எடுக்கிறார்.

போகட்டும், அவருடைய மூல வாதத்துக்கு வருவோம். இன்ஜின் ஒரு காற்றுப் பம்ப், காற்று கூடினால் சக்தி கூடும் என்பதுதான் அவர் போடும் அஸ்திவாரம். பெட்ரோல் இன்ஜினுக்கு இது பொருந்தும். அங்கே ஆக்சிலரேட்டர் காற்றைத் திறந்து மூடுகிறது. போகும் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோல் போகிறது. டீசல் இன்ஜினில் கதை வேறு. டிரைவர் மிதிக்கும்போது கூடுவது டீசல். காற்று எப்போதும் தேவைக்கு மேல்தான் உள்ளே வருகிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று போதும். முழு லோடில் மேடு ஏறும்போதே ஒரு கிலோ டீசலுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் காற்று போகிறது. லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது அது இன்னும் கூடும். ஏற்கெனவே வேலையில்லாமல் சைலன்சர் வழியாக வெளியே போகும் ஆக்சிஜனுக்குத் துணையாக இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை அனுப்பினால் இழுவை எங்கிருந்து வரும்?

காற்று போதாத டீசல் இன்ஜின் அதைத் தானே சொல்லிவிடும். கரும்புகை தள்ளும். உங்கள் வண்டி கரும்புகை தள்ளவில்லை என்றால் காற்றுக்குக் குறைவில்லை. தள்ளுகிறது என்றால் அடைத்த ஏர் கிளீனர், கிழிந்த இன்டர்கூலர் ஹோஸ், தேய்ந்த டர்போ, ஒழுகும் நாசில் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கம்பெனி வார்த்துக் கொடுத்த மேனிஃபோல்டின் துவாரம் நேற்று இரவு சுருங்கிவிடவில்லை.

கம்பெனிக்காரன் வேண்டுமென்றே இன்ஜினின் மூச்சை அடைத்து வைத்திருக்கிறான் என்கிறார் கட்டுரையாளர். எவ்வளவு அடைத்திருக்கிறான்? அவர் போடாத கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். பள்ளிக்கூடப் பாடம்தான், காகிதமும் பேனாவும் போதும்.

5.9 லிட்டர் இன்ஜினின் உண்மையான கொள்ளளவு 5,883 சி.சி. அதை 2,500 ஆர்.பி.எம்.மில் விரட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவும் நிரம்பும். நிரப்புவதில் பத்து சதவீதம் குறையும் என்று கொண்டால் நொடிக்கு 110 லிட்டர் காற்று. மூன்று அங்குலக் குழாய் வழியாக அது போக வேண்டுமென்றால் நொடிக்கு 24 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 87 கிலோமீட்டர். டர்போ 1 பார் ஏற்றியிருக்கும்போது அந்த வேகத்தில் போகும் காற்றின் இயக்க அழுத்தம் 0.006 பார். தண்ணீர் உயரத்தில் சொன்னால் 60 மில்லிமீட்டர். அந்த வேகம் மொத்தமும் மேனிஃபோல்டில் வீணாய்ப் போனால்கூட ஏற்படக்கூடிய இழப்பு அவ்வளவுதான்.

இதை இன்ஜின் செய்யும் வேலையோடு ஒப்பிடுங்கள். 500 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கும்போது அதே 5.9 இன்ஜினில் பிஸ்டன் மீது சராசரியாக வேலை செய்யும் அழுத்தம் ஏறக்குறைய 10.7 பார். அதில் 0.006 பார் என்பது பத்தாயிரத்தில் ஐந்தாறு பங்கு. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் லாரியில், மேனிஃபோல்டின் இழப்பு முழுவதையும் மந்திரம் போட்டு இல்லாமல் ஆக்கிவிட்டால் கூடும் தூரம் லிட்டருக்கு இரண்டேகால் மீட்டர். அதுவும் இன்ஜினை முழு வேகத்தில் விரட்டினால்தான். ரோட்டில் 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது இழப்பே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குழாய்க் கிளைகளில் காற்று விட்டு விட்டுப் பாய்கிறது, அங்கே வேகம் இன்னும் அதிகம் என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். தாராளமாகப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு மீட்டர் ஆயிற்று. கட்டுரையாளர் கொடுத்திருக்கும் வாக்கு ஐநூறு மீட்டர். மீதித் தூரத்துக்கு வண்டியை யார் தள்ளுவது?

இதே கணக்கில் இன்னொரு எண்ணையும் வைத்துப் பாருங்கள். டர்போ லாரிகளில் ஏர் கிளீனர் அடைத்துவிட்டது என்று காட்டும் சிவப்பு இண்டிகேட்டர் பொதுவாக 25 அங்குலத் தண்ணீர் அளவில், அதாவது 635 மில்லிமீட்டரில் எழும்பும். மேனிஃபோல்டின் மொத்த இழப்பைப் போல் பத்து மடங்கு. தவிர, ஏர் கிளீனர் இருப்பது டர்போவுக்கு முன்னால். அங்கே இழக்கும் அழுத்தத்தை டர்போ பெருக்கிக் காட்டும். 1 பார் ஏற்றும் வண்டியில் அந்தச் சேதம் மறுபக்கத்தில் இரட்டிப்பாகும். சிவப்பு எழும்பிய பிறகும் கிளீனரைத் தட்டித் தட்டி மாட்டிக்கொண்டு ஓடுபவர்கள் நம்மில் எத்தனை பேர்? கட்டுரையாளர் அவர்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏர் கிளீனரை மாற்றுங்கள் என்று எழுதினால் கட்டுரைக்குக் கவர்ச்சி கிடைக்காது போலும்.

அடுத்தது குழாய் நீளம். கிளைக் குழாய்களை இரண்டு அங்குலம் அறுத்துக் குறைத்தால் காற்றலை நேரத்துக்கு வந்து வால்வைத் தட்டும், ரேஸ் கார்களில் அப்படித்தான் என்கிறார். ரேஸ் காரில் நடப்பது உண்மை. வால்வு திறக்கும்போது கிளம்பும் அழுத்த அலை குழாயின் வாய் வரை போய்த் திரும்பி வருகிறது. வால்வு மூடும் முன் அது வந்து சேர்ந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். ஆனால் 6,000 ஆர்.பி.எம்.மில் கால் சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் நானூறில் ஒரு பங்கு. அதற்குள் அலை போய்த் திரும்ப அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான குழாய் போதும். நம் லாரி ஓடுவது 1,500-இல். அதே கால் சுற்றுக்கு நாலு மடங்கு நேரம். குழாய் ஏறக்குறைய ஆறடி இருக்க வேண்டும். இருக்கிற குழாயே ஒரு சாண் என்னும்போது அதிலும் இரண்டு அங்குலத்தை அறுப்பது எதிர்த்திசையில் போவது. அலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்; அதன் வேகத்தைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

இதுவரை சொன்னவை பயனற்ற யோசனைகள். இனிச் சொல்லப்போவது கேடு.

ஹெட்டில் இன்டேக் போர்ட்டுக்குள் விரல் விட்டால் வால்வுக்கு மேலே ஒரு மேடு தட்டுப்படும், அது வார்ப்புக் கோளாறு, கிரைண்டர் வைத்து மழித்துவிடுங்கள் என்கிறார். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கட்டுரை அச்சேறாமல் இருந்திருக்க வேண்டும். அந்த மேடு கோளாறு கிடையாது. அதை அச்சில் கொண்டுவர வடிவமைப்பாளர்கள் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலிண்டருக்கு இரண்டே வால்வு, மெக்கானிக்கல் பம்ப், நாலைந்து துளை நாசில் என்று இருக்கும் இன்ஜின்களில் டீசலைக் காற்றோடு கலக்கும் வேலையில் பெரும்பங்கு காற்றுக்கே. காற்று சிலிண்டருக்குள் நேராக விழாமல் சுழன்றுகொண்டே இறங்க வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது அந்தச் சுழல் பிஸ்டன் தலையிலுள்ள குழிக்குள் ஒடுங்கி இன்னும் வேகமெடுக்கும். நாசில் பீய்ச்சும் ஒவ்வொரு கீற்றையும் அது பக்கவாட்டில் விசிறிக் கலக்கும். இந்தச் சுழலை உண்டாக்கத்தான் போர்ட்டை வால்வைச் சுற்றிச் சுருளாக வார்க்கிறார்கள். விரலில் தட்டுப்படும் மேடு அந்தச் சுருளின் விளிம்பு.

அதை மழித்தால் காற்று தாராளமாகப் போகும், உண்மை. சுழலாமல் போகும். டீசல் கீற்று போய்ப் பிஸ்டன் குழியின் சுவரில் மோதி ஈரமாய் ஒட்டும். பாதி எரியும், மீதி கரியாகும். புகை கூடும், டீசல் கூடும், எரியாத டீசல் லைனர் வழியாக இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கும். புதிய காமன் ரெயில் இன்ஜின்களில் நாசில் அழுத்தம் மிக அதிகம், நாலு வால்வு உண்டு, சுழலை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ஆனால் கட்டுரையாளர் கிரைண்டரைத் தூக்கச் சொல்வது குறிப்பாகப் பழைய வண்டிகளுக்குத்தான். சுழல் இல்லாமல் பிழைக்க முடியாத இன்ஜின்களைத் தேடிப் பிடித்துச் சுழலை அறுக்கச் சொல்கிறார்.

ஹெட்டைக் கழற்றக்கூட வேண்டாமாம். போர்ட்டுக்குள் பழந்துணியைத் திணித்துவிட்டுக் குடைந்தால் போதுமாம். ஆறு சிலிண்டர் இன்ஜினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஒன்றிரண்டு இன்டேக் வால்வு திறந்துதான் கிடக்கும் என்பது பட்டறையில் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். துணி அடைக்கும் இடம் வழவழப்பான வட்டம் இல்லை. வால்வு தண்டும் கைடும் குறுக்கே நிற்கும் இடம். ஓரமெல்லாம் சந்து. கிரைண்டர் சுற்றும் வேகத்தில் இரும்புப் பொடி அந்தச் சந்துகளைத் தேடிப் போகும்.

இப்படிக் குடைந்த இன்ஜின் ஒன்றைப் பட்டறையில் பிரித்தபோது பக்கத்தில் இருந்தேன். ஹெட்டைத் தூக்கியதும் ஐந்தாவது பிஸ்டனின் தலை வெளிச்சத்தில் மினுமினுத்தது. கரியைத் துடைத்துப் பார்த்தால் அலுமினியத்துக்குள் பொடிப்பொடியாக இரும்புத் துகள்கள் அறைந்து பதிந்திருந்தன. லைனரின் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடுக்குகிற ஆழம். கம்பெனி இட்டிருந்த குறுக்கு வரிகள் பாதி இடத்தில் இல்லை. மேல் ரிங் பள்ளத்தை ஊசியால் சுரண்டியபோது வந்த கருப்பு மாவில் காந்தத்தைக் காட்டினார் மெக்கானிக். ஒட்டியது. ஓனர் எதுவும் பேசவில்லை. போர்ட்டின் விளிம்பு மட்டும் கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டிருந்தது.

இதில் கட்டுரையாளர் யோசித்தே பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. மேனிஃபோல்டு இருப்பது ஏர் கிளீனருக்கு அப்பால், டர்போவுக்கும் அப்பால். அங்கே விட்டுவைத்த எந்தத் துகளுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தடுப்பு என்று ஒன்றுமில்லை. பிளாப் வீலிலிருந்து உதிர்வது வெறும் தூசி இல்லை. அலுமினியம் ஆக்சைடும் சிலிக்கான் கார்பைடும் லைனர் இரும்பைவிடப் பல மடங்கு கடினமானவை. இரும்பைத் தேய்க்கவே செய்த பொருளை இன்ஜினுக்குள் விட்டுவிட்டு அது எதைத் தேய்க்காது என்று எதிர்பார்க்கிறார்? ஏர் அடித்து ஊதிவிட்டால் போய்விடும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். ஊதினால் போகும்தான். வால்வு இருக்கைக்கும் கைடுக்கும் உள்ளே போகும்.

அறுத்து ஒட்டுவதும் இதே லட்சணம்தான். எண்ணெயும் கரியும் ஆண்டுக்கணக்கில் ஊறிய அலுமினிய வார்ப்பை வெல்டிங் செய்தால் உள்ளே ஊறிய எண்ணெய் கொதித்துக் குமிழ் விடும். வெல்டிங் மேலே அழகாகவும் உள்ளே சல்லடையாகவும் இருக்கும். சூட்டில் ஃபிளாஞ்சு முறுக்கிக்கொள்ளும். தளத்தில் வைத்து இழைக்காமல் அதைக் கேஸ்கெட் பேஸ்ட் பூசிச் சமாளிக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். டர்போ வண்டியில் அந்தச் சந்து வழியாகக் காற்று வெளியே சீறும். பூஸ்ட் குறையும், கரும்புகை வரும், இழுவை போகும். டர்போ இல்லாத 697-இல் நிலைமை இன்னும் மோசம். அங்கே மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல்தான் இருக்கும். சந்து இருந்தால் ரோட்டுப் புழுதியை, ஏர் கிளீனரை எட்டிக்கூடப் பார்க்காமல், நேரே சிலிண்டருக்குள் இழுக்கும். சத்தமும் வராது, புகையும் வராது. சில மாதம் கழித்து பிரீதரில் புகை அடிக்கும், ஆயில் குடிக்கும், காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். புழுதிக்கு நடுவிலேயே நின்று நாள் முழுக்கப் போர் போடும் ரிக் வண்டிகளும் அவர் அறிவுரையைப் பின்பற்றலாம் என்று கடைசியில் ஒரு சிபாரிசு வேறு.

ஈ.ஜி.ஆர். பற்றி அவர் எழுதியதில் பாதி உண்மை. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு அது. அந்தக் கரியும் பிரீதரிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கலந்து மேனிஃபோல்டின் உள்சுவரில் தார்போல் ஒட்டி வழியைக் குறுக்கத்தான் செய்யும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. ஆனால் அதற்குப் பெயர் பராமரிப்பு. அவர் அங்கே நிற்காமல், ஈ.ஜி.ஆர். வழியில் ஒரு தகட்டை வெட்டி வைத்து அடைத்துவிடச் சொல்கிறார். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.4 மாசு விதி, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதி இரண்டும் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. பி.எஸ்.6 வண்டியின் சைலன்சரில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார் இருக்கிறது. அளவு மீறினால் கம்ப்யூட்டர் முதலில் விளக்கைப் போடும், பிறகு இழுவையையே குறைத்துவிடும். இழுவைக்காக அடைத்த தகடு இழுவையைப் பறிக்கும். மாசு வரம்பை மீறிய வண்டியை ரோட்டில் ஓட்டினால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 190 (2) பிரிவில் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுகிறவர் வண்டிக்காரர். தகடு வெட்டும் அளவைப் படம் போட்டுக் கொடுத்தவர் அடுத்த கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில் எல்லாரும் செய்கிறார்கள் என்பது அவருடைய இன்னொரு துருப்புச் சீட்டு. அங்கே ராம் பிக்கப்களின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் பலர் இன்டேக் பாகத்தை மாற்றுகிறார்கள் என்பது மெய். ஏன் மாற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தால் அவர் வாதத்துக்கே அது உலை வைத்திருக்கும். உறைபனிக் குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவியாக அந்த இன்ஜினின் காற்று வழியில் ஒரு மின் ஹீட்டர் இருக்கிறது. அதன் இணைப்பு போல்ட் சூட்டில் தேய்ந்து கழன்று சிலிண்டருக்குள் விழுந்து இன்ஜினை நாசமாக்குவது அங்கே பிரசித்தமான கோளாறு. அந்தப் பயத்தில்தான் நிறையப் பேர் அதைக் கழற்றுகிறார்கள். காற்று வழியில் கிடக்கும் ஒரு சின்ன உலோகத் துண்டு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் வைத்ததற்காக அதே கம்மின்ஸ் நிறுவனமே அமெரிக்க அரசுக்கு 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது என்ற செய்தி 2023 டிசம்பரில் வந்தது. விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் சுதந்திர பூமி என்று அவர் காட்டும் நாட்டின் லட்சணம் இது.

ஆதாரம் என்று அவர் தருவது இரண்டே டிரிப். மாற்றத்துக்கு முன் ஒரு டிரிப், பின் ஒரு டிரிப், டேங்க் நிரப்பிக் கணக்கு, அரை கிலோமீட்டர் வித்தியாசம். இரண்டிலும் லோடு எத்தனை டன்? தார்ப்பாய் எவ்வளவு உயரம்? எதிர்க்காற்றா, பின்காற்றா? டயரில் காற்று எவ்வளவு? மைலேஜ் பார்க்கிறோம் என்று தெரிந்த டிரைவர் காலை எவ்வளவு மென்மையாக வைத்தார்? வண்டி எழுபதில் ஓடுவதைவிட அறுபதில் ஓடினால் எதிர்க்கும் காற்றின் தடை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அந்த ஒன்று மட்டுமே அவருடைய அரை கிலோமீட்டரை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். மேனிஃபோல்டைக் கழற்றும்போது ஏர் கிளீனரையும் புதிதாக மாட்டியதாகக் கட்டுரையின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வாக்கியம் வருகிறது. மைலேஜ் கூடியிருந்தால் அதற்குக் காரணம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. புகழை மட்டும் கிரைண்டருக்குக் கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குக் கோபமூட்டியது அவருடைய கடைசிப் பத்தி. இதையெல்லாம் எதிர்ப்பவர்கள் நம் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறமையை நம்பாதவர்கள், ஏட்டுச் சுரைக்காய்கள் என்கிறார். மெக்கானிக்குகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் வித்தை இது. கொங்குப் பகுதியின் பட்டறைகளில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் ஒழுகுகிறது என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் லைனர் இறக்கும்போது அவர்கள் காதை நம்புவதில்லை, டயல் கேஜை எடுக்கிறார்கள். ஹெட் போல்ட்டைக் கை பழக்கத்தில் முறுக்குவதில்லை, டார்க் ரெஞ்சை எடுக்கிறார்கள். வால்வு இடைவெளிக்கு ஃபீலர் கேஜ், பம்ப் டைமிங்குக்கு டயல். நம் ஊர் கைத்திறமை அளவுகோலோடு சேர்ந்தே வளர்ந்தது. அளக்காமல் குடை என்று சொல்கிற ஒருவர் அந்தத் திறமைக்கு வக்காலத்து வாங்குவது அதற்குச் செய்யும் அவமரியாதை.

செலவுக் கணக்கும் பொய். கிரைண்டரும் பேஸ்ட்டும் மட்டும் அவர் கணக்கில் இருக்கின்றன. துகள் உள்ளே போனால் ஆறு லைனர், ஆறு பிஸ்டன், ரிங் செட், பேரிங், கேஸ்கெட் செட், ஹெட் வேலை, கூலி. வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பு தனி. தவணைக்காரர் வண்டி நின்றதற்காகத் தேதியைத் தள்ளிப்போட மாட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயும் கிடையாது, சுமைகூலி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கைவசம் இருக்கிறதா? இன்டர்கூலரின் இரு பக்க ஹோஸ் முனைகளையும் அடைத்து 30 பி.எஸ்.ஐ. காற்றை ஏற்றி, ஹோஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். குமிழ் வரும் இடத்தில் கிளிப்பை மாற்றுங்கள். ஏர் கிளீனர் இண்டிகேட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வண்டியில் அது இல்லாவிட்டால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஒவ்வொரு டயரிலும் காற்றை மீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரேக் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். ஈ.ஜி.ஆர். வண்டியாக இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றிக் கரியைக் கழுவி, உலர்த்தி, புதிய கேஸ்கெட் வைத்துப் பூட்டுங்கள். இதில் எதற்கும் இரும்பைக் குடைய வேண்டியதில்லை. எதைச் செய்தாலும் கிடைப்பது இரண்டேகால் மீட்டரைவிட அதிகம்.

கட்டுரையாளருக்கு ஒரு வார்த்தை. தன் சொந்த வண்டியில் எதைக் குடைவதும் ஒருவருடைய இஷ்டம். ஊரார் வண்டிக்குச் சொல்வதென்றால் அளந்து சொல்ல வேண்டும். மேனிஃபோல்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குழாயைச் சொருகி, முழு லோடில் அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். அதற்கு வேண்டியது ஒரு வித்தியாச அழுத்த மீட்டர்தான், விலை கிரைண்டர் விலைக்குள் முடியும். நீங்கள் சொன்ன அடைப்பு அங்கே இருந்தால் அளவோடு எழுதுங்கள், என் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதது ஒன்று இருக்கிறது. போர்ட்டின் மேட்டை மழிக்கச் சொன்ன அந்த வரியை அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திரும்பப் பெறுங்கள். உங்களை நம்பிய ஒருவர் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பிளாப் வீல் வாங்கி வைத்திருக்கக்கூடும்.